கிளட்ச் பெடல் கீழேயே நின்றுவிட்டால்: கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கிளட்சில் கோளாறு என்று வண்டியைப் பட்டறையில் விட்டால், புதுச்சேரியிலும் சரி, கடலூரிலும் சரி, முதலில் காதில் விழுவது "கிளட்ச் செட் போய்விட்டது சார், கியர்பாக்ஸை இறக்க வேண்டும்" என்பதுதான். சில வண்டிகளில் அது உண்மை. ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டிகளில் பல நேரம் அது அவசரத் தீர்ப்பு. கிளட்ச் பிளேட்டில் தேய்மானம் பெரிதாக இருக்காது. அதை விலக்க வேண்டிய அழுத்தம் வழியில் எங்கோ வீணாகிக்கொண்டிருக்கும். அரை மணி நேரம் செலவழித்துப் பார்த்தால் பழுது எந்தப் பக்கம் என்று வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது ஹைட்ராலிக் கிளட்ச்தானா என்று பாருங்கள். மாருதி ஆல்டோ போன்ற சிறிய வண்டிகளில் கேபிள்தான். அவற்றுக்கு இந்தக் கட்டுரை பயன்படாது. இன்னோவா, ஸ்கார்ப்பியோ போன்றவற்றில் ஹைட்ராலிக். பெடலை மிதித்தால் அதன் தண்டு மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிரேக் ஆயில் குழாய் வழியாக ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய் அங்குள்ள பிஸ்டனை நகர்த்துகிறது. அது ஃபோர்க்கையோ ரிலீஸ் பேரிங்கையோ தள்ள, பிரஷர் பிளேட் விலகி, பிளேட் விடுபடுகிறது. சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே, ஸ்பேனர் எட்டும் இடத்தில் இருக்கும். வேறு சிலவற்றில் கியர்பாக்ஸின் மணி வடிவ முன்கூட்டுக்குள் (பெல் ஹவுசிங்), எஞ்சினின் சுழற்சியை வாங்கும் உள்தண்டைச் சுற்றி வளையமாக உட்கார்ந்திருக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்பதை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். செலவைத் தீர்மானிப்பது அதுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சோதனை

எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். சிரமமில்லாமல் விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுதாக விலகவில்லை. எஞ்சின் அணைந்திருக்கும்போதும் விழவில்லை என்றால் கியர் லீவரின் இணைப்புகளிலோ கியர்பாக்ஸிலோதான் கோளாறு. கிளட்சைத் தொட வேண்டாம்.

அடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை முழுதாக மிதித்து, நான்கைந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸ் கியருக்குப் பல வண்டிகளில் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒன்றாக்கிச் சத்தமில்லாமல் விழவைக்கும் அமைப்பு) கிடையாது. கிளட்ச் சிறிதளவு ஒட்டிக்கொண்டிருந்தாலும் 'கர்ர்' என்று அரைபடும் சத்தம் கேட்டுவிடும். இப்போது பெடலை வேகமாக மூன்று நான்கு முறை அடித்துவிட்டு உடனே மீண்டும் போடுங்கள். இந்த முறை சத்தமில்லாமல் விழுந்தால் உங்கள் கிளட்ச் பிளேட் நிரபராதி. பழுது ஹைட்ராலிக் பக்கம்.

பெடல் தரையோடு போய்விட்டது, திரும்பி வரவில்லை

தவளக்குப்பம் தாண்டி அரியாங்குப்பம் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது இது நடந்தால் வியர்த்துவிடும். முதல் வேலை, அபாய விளக்கைப் போட்டு வண்டியை ஓரம் தள்ளுவது. இரண்டாவது, பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்ப்பது. பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. கிளட்சுக்குப் போகும் ரப்பர் குழாய் அதன் பக்கவாட்டில் சற்று உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கும். கிளட்சில் கசிந்தாலும் அந்த உயரத்துக்குக் கீழே உள்ள ஆயில் பிரேக்குக்கு மிஞ்ச வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் மட்டம் குறைந்தபட்ச அளவைக் காட்டும் 'MIN' கோட்டுக்கும் கீழே போயிருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

பிரேக் சரியாக இருந்து, சாலையும் காலியாக இருந்தால், கிளட்ச் இல்லாமலே பக்கத்துப் பட்டறை வரை கொண்டுபோக முடியும். எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, பெடலை மிதித்தபடியே சாவியைத் திருப்புங்கள். பெடலை மிதித்திருந்தால்தான் சில வண்டிகளில் ஸ்டார்ட்டர் வேலை செய்யும். வண்டி குலுங்கி நகர்ந்து, எஞ்சின் பிடித்துக்கொள்ளும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, அதே நொடியில் லீவரை நியூட்ரலுக்கு இழுத்தால் வந்துவிடும். முன்னால் இருபது அடியாவது காலி இடம் வேண்டும். முதலியார்பேட்டை ரயில்வே கேட்டில் வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் நேரத்தில் இதை முயல்வது முட்டாள்தனம்.

காரணம் என்னவென்று தேடும்போது வரிசையாகப் பாருங்கள். முதலில் ஓட்டுநரின் கால் பக்கம். டார்ச் அடித்து, பெடலின் மேல்முனையில் மாஸ்டர் சிலிண்டர் தண்டு நுழையும் இடத்தைத் தடவுங்கள். ஈரமாக இருந்தாலோ, பெடல் தாங்கியின் பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தாலோ, தரைவிரிப்பின் ஓரம் பிசுபிசுத்தாலோ மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க ரப்பர் விட்டுவிட்டது. இந்த ஆயில் பெயின்டைத் தின்னும். அந்தத் தடயம் பொய் சொல்லாது.

அடுத்து ஸ்லேவ் சிலிண்டர். வெளியே இருக்கும் வகை என்றால், தண்டு வெளிவரும் முனையில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதன் விளிம்பை விரலால் லேசாகப் புரட்டுங்கள். உள்ளே காய்ந்த தூசி மட்டும் இருந்தால் நல்லது. கருப்புக் கூழோடு ஆயில் வழிந்து விரலில் இறங்கினால் ரப்பர் தேய்ந்துவிட்டது. ஓரிரு துளி அளவுக்கு ஈரம் என்றாலும் "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்று விடாதீர்கள்.

ஸ்லேவ் உள்ளே இருக்கும் வகையில் கசிவு நேராகக் கண்ணில் படாது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டு தெரியும். அது எஞ்சின் ஆயிலா, கியர் ஆயிலா, பிரேக் ஆயிலா என்பதில்தான் பட்டறைகளில் வாக்குவாதமே வரும். அதற்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். அடியில் ஒரு அட்டையை விரித்து இரவு முழுவதும் விட்டு, காலையில் சேர்ந்திருக்கும் துளியைத் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்து காணாமல் போகும். எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் மேலே வட்டமாக மிதக்கும். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடையும் உண்டு. அட்டையில் விழுந்த ஈரம் நிறமில்லாமல், வழவழப்பில்லாமல் இருந்தால் அது ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீர். நம் கடலோரப் புழுக்கத்தில் அது தாராளமாகவே சொட்டும், பயப்பட வேண்டாம்.

பெடல் பஞ்சு போல அமுங்குகிறது, இரண்டு முறை மிதித்தால் சரியாகிறது

குழாயில் காற்று இருக்கிறது. ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். நீங்கள் மிதிக்கும் தூரத்தின் ஒரு பகுதி காற்றை நெருக்குவதிலேயே போய்விடுகிறது. காற்றை எடுத்தால் பெடல் உடனே கெட்டியாகும். ஆனால் மூடிய குழாய்க்குள் காற்று எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை தேடாமல் காற்றை மட்டும் எடுத்து அனுப்பும் பட்டறைக்கு அடுத்த மாதமும் நீங்கள் போக வேண்டியிருக்கும். சமீபத்தில் யாரோ குழாயைக் கழற்றி மாட்டியிருந்தால் காற்று அப்போது புகுந்திருக்கலாம். டப்பா வற்றியிருந்தால் அதன் வழியே புகுந்திருக்கும். இரண்டும் இல்லை என்றால் ஏதோ ஒரு ரப்பர், பெடல் மேலே வரும்போது காற்றை உள்ளே இழுக்கிறது.

எங்கும் கசிவு இல்லை, மட்டமும் குறையவில்லை. ஆனால் மிதித்துப் பிடித்தால் பெடல் மெல்ல இறங்குகிறது

சிக்னலில் முதல் கியரில் கிளட்சை மிதித்தபடி நிற்கிறீர்கள். பத்து நொடியில் வண்டி தானாக முன்னால் ஊர்கிறது. இதுதான் அடையாளம். மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் முதன்மை ரப்பர் தேய்ந்து, ஆயில் பிஸ்டனைத் தாண்டிப் பின்னால் நழுவுகிறது. வெளியே ஒரு துளியும் வராது. பல மெக்கானிக்குகள் "கசிவே இல்லையே" என்று சொல்லி நேராகக் கியர்பாக்ஸுக்குப் போவது இந்தப் பழுதில்தான்.

உறுதிசெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் ஸ்லேவ் சிலிண்டரின் தண்டைப் பார்க்க வேண்டும். கால் அழுத்தம் மாறாமல் இருக்கும்போதே தண்டு மெல்லப் பின்வாங்கினால் அழுத்தம் தங்கவில்லை. தண்டு முழுதாக வெளியே வந்து அங்கேயே நின்றும் கியர் விழவில்லை என்றால் ஹைட்ராலிக் தன் வேலையைச் செய்துவிட்டது. அப்போது பிரஷர் பிளேட், ஃபோர்க், பிளேட் என்று உள்ளே போகலாம். கியர்பாக்ஸை இறக்குவது நியாயம்.

மட்டம் பற்றி இன்னொரு செய்தி. கிளட்சுக்குத் தனி டப்பா உள்ள வண்டியில், பிளேட் தேயத் தேய ஆயில் மட்டம் சற்று உயரும். தேய்ந்த பிளேட்டுக்கு ஏற்ப ஸ்லேவ் பிஸ்டன் உள்ளே தள்ளப்படுவதால் ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வருகிறது. பிரேக்கில் இது தலைகீழ். பேட் தேய்ந்தால் மட்டம் இறங்கும். ஆகவே தனி டப்பாவில் மட்டம் குறைந்தால் "தேய்மானத்தால் குறைந்திருக்கும்" என்ற சமாதானம் செல்லாது. எங்கோ கசிகிறது.

காலையில் நன்றாக இருக்கிறது, நெரிசலில் அரை மணி நேரம் ஓடியதும் கெடுகிறது

இதற்குக் காரணம் பெரும்பாலும் ஆயிலின் வயது. டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில்கள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுபவை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீத அளவுக்குத் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரி. டாட் 3 ஆயிலுக்கு இதே கணக்கு 205, 140. எஞ்சினுக்கும் சைலன்சர் குழாய்க்கும் அருகில் கிளட்ச் குழாய் போகும் வண்டிகளில், பழைய ஆயிலில் ஆவிக்குமிழிகள் உண்டாகிப் பெடல் தொய்யும். வண்டி ஆறியதும் குமிழிகள் மறைந்து எல்லாம் சரியாகிவிடும். பட்டறைக்கு எடுத்துப்போகும்போது பழுது 'காட்டாமல்' போவதும் இதனால்தான்.

சேர்ந்த தண்ணீர் இன்னொரு வேலையும் செய்கிறது. சிலிண்டரின் உள்சுவரை அரித்து ஊசிக்குத்துக் குழிகளை உண்டாக்குகிறது. அந்தச் சொரசொரப்பில் ரப்பர் ஓடி ஓடித் தேய்ந்து, ஆயிலைக் கருப்பாக்குகிறது. டப்பாவில் தேன் நிறத்துக்குப் பதிலாகக் கருப்பு தெரிந்தால், எங்கோ ரப்பர் கரைந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தயாரிப்பாளர்களின் கையேடுகளில் பல, பிரேக் ஆயிலை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. தேவனாம்பட்டினத்திலோ முத்தியால்பேட்டையிலோ வண்டியை வெளியே நிறுத்துபவர்கள் இந்தக் கெடுவைத் தாண்டவே கூடாது என்பது என் கருத்து. ஆனால் மாற்றியதாகச் சொல்லப்படும் வண்டிகளிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. சர்வீஸ் முடிந்து பில் கையில் வந்ததும், நிப்பிளைப் பற்றி, அதாவது பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றத் திறக்கும் சிறிய திருகைப் பற்றி, இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"அண்ணே, கிளட்ச் நிப்பிளையும் திறந்து எடுத்தீர்களா?"

"பிரேக் ஆயில் முழுவதும் புதிது சார். நான்கு சக்கரத்திலும் எடுத்தாயிற்று."

"கிளட்சில்?"

"அதை யார் சார் திறக்கிறார்கள்?"

நான்கு சக்கர நிப்பிள்களைத் திறந்தால் பிரேக் குழாய்களில் உள்ள ஆயில்தான் மாறும். கிளட்சுக்குப் போகும் குழாய் ஒரு முட்டுச்சந்து. அங்குள்ள ஆயில் முன்னும் பின்னுமாக அசையுமே தவிர, டப்பாவுக்குத் திரும்பிப் புதிதாவதில்லை. கிளட்ச் நிப்பிளைத் தனியாகத் திறந்தால் ஒழிய, வண்டி வாங்கிய நாளில் ஊற்றிய ஆயிலே அங்கே கிடக்கும். ஹைட்ராலிக் கிளட்ச் சாவதற்கு நான் கண்ட முதல் காரணம் இந்தப் புறக்கணிப்புதான். சில நூறு ரூபாய் ஆயிலில் முடிய வேண்டியது கியர்பாக்ஸை இறக்கும் கூலியில் போய் முடிகிறது.

எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை

இது கிளட்ச் வழுக்குவது. 40 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தும்போது எஞ்சின் சுழற்சி ஏறி, வேகம் ஏறாவிட்டால் வழுக்கல் உறுதி. இங்கே குற்றவாளி பெரும்பாலும் தேய்ந்த பிளேட்தான். ஆனாலும் கியர்பாக்ஸை இறக்குமுன் ஒரே ஒரு சோதனை பாக்கி இருக்கிறது.

மாஸ்டர் சிலிண்டரில் ஒரு நுண்துளை உண்டு. பெடல் ஓய்வில் இருக்கும்போது அது திறந்திருந்து, சூட்டில் விரியும் ஆயிலை டப்பாவுக்குத் திருப்பி அனுப்பும். பெடலின் தண்டுக்குச் சிறிதும் தளர்வு இல்லாமல் முறுக்கி வைத்திருந்தாலோ, மடிந்த மிதியடி பெடலை மேலே வரவிடாமல் தடுத்தாலோ, ஓட்டுபவர் காலைப் பெடல் மேலேயே வைத்திருந்தாலோ அந்தத் துளை மூடியே கிடக்கும். ஆயில் விரிந்து, போக வழியில்லாமல் கிளட்சைப் பாதி மிதித்த நிலையிலேயே வைத்திருக்கும். ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி அடைத்துக்கொண்டாலும் இதே விளைவுதான்; பெடல் சோம்பேறித்தனமாக மேலே வருவது அதற்கு அடையாளம்.

வழுக்கும் நிலையிலேயே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்து, ஸ்லேவ் நிப்பிளைக் கால்வாசிச் சுற்று திறந்துவிடுங்கள். ஆயில் பீய்ச்சி அடித்து, மீண்டும் மூடியதும் வழுக்கல் நின்றுவிட்டால் பிளேட்டில் குறையில்லை. சொட்டுச் சொட்டாக வந்து, வழுக்கல் அப்படியே இருந்தால் கிளட்ச் செட்டுக்குப் பணத்தை எடுத்து வையுங்கள்.

கனமான பெடல், சத்தம், அதிர்வு

இவை மூன்றும் பொதுவாக ஹைட்ராலிக் பழுதுகள் இல்லை. பெடல் கனத்தால் பிரஷர் பிளேட்டையும் வறண்ட ஃபோர்க் முனையையும் சந்தேகியுங்கள். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வரும் சத்தம் கியர்பாக்ஸின் உள்தண்டு பேரிங். கிளம்பும்போது வண்டி நடுங்கினால் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். அது எங்கிருந்து வந்தது என்பதற்கு மேலே சொன்ன டம்ளர் சோதனை உதவும்.

மழைக்காலத்துக்குப் பின் நின்ற வண்டி

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததையும், அதையடுத்துத் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பகுதிகளில் வெள்ளம் புகுந்ததையும் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தண்ணீரில் நின்ற வண்டியைச் சில வாரம் கழித்துக் கிளப்பினால், பெடல் கெட்டியாக, முறையாக இருக்கும். கியர் மட்டும் விழாது. பிளேட் துருவேறி, எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கும். ஹைட்ராலிக்கை அவிழ்ப்பதில் பயன் இல்லை. எஞ்சினைச் சூடாக்கி அணைத்து, திறந்த மைதானத்தில், கிளட்சை மிதித்தபடி கியரில் ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தி அழுத்தி விட்டால் பல நேரம் விடுபட்டுவிடும். அனுபவமுள்ள மெக்கானிக் அருகில் இருப்பது நல்லது. அப்படியே விடுபட்டாலும், டப்பா மூடி வரை தண்ணீர் ஏறியிருந்தால் ஆயிலை முழுதாக மாற்றியே ஆக வேண்டும்.

காற்று எடுப்பதும் பாகம் மாற்றுவதும்

நிப்பிளுக்கு வளைய ஸ்பேனர்தான் போட வேண்டும். உப்புக் காற்றில் துருப்பிடித்த நிப்பிளில் திறந்த ஸ்பேனரைப் போட்டால் முனை மழுங்கி, பத்து நிமிட வேலை ஒரு நாள் வேலையாகும். முதல் நாள் மாலையே துரு நீக்கும் ஆயிலை நிப்பிளின் அடியில் மட்டும் ஒரு துளி விட்டு வையுங்கள், ரப்பரில் படக்கூடாது. தெளிந்த பிளாஸ்டிக் குழாயை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைச் சிறிது புது ஆயில் உள்ள பாட்டிலில் முழுகவிடுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, குமிழிகள் போனதும் மூட வேண்டும். மூடிய பிறகே பெடலை விட வேண்டும். பெடல் தானாக மேலே வராது, கையால் தூக்கிவிடுங்கள். டப்பாவை ஒரு முறைகூட வற்றவிடாதீர்கள். வற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பெயின்டில் சிந்தினால் துணியால் துடைப்பதைவிடத் தண்ணீரை ஊற்றிக் கழுவுவதே சரி.

ஆயிலை எப்போதும் சீல் உடைக்காத சிறிய டப்பாவாக வாங்குங்கள். போன வருடம் திறந்து அலமாரியில் வைத்த பாதிப் பாட்டில் நம் ஊர் ஈரத்தில் ஆயிலாகவே கணக்கில்லை. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றுவது பெரும் ஆபத்து. இந்த அமைப்பில் இருக்கும் ரப்பர்கள் அவற்றில் ஊறி வீங்கும். டப்பா பிரேக்குக்கும் சேர்த்து இருந்தால் பிரேக் ரப்பர்களும் கூடவே போகும். சிலிக்கான் வகையான டாட் 5 ஆயிலை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. மூடியில் எழுதியிருப்பதைப் பார்த்து ஊற்றுவது போதும்.

ரப்பர் கிட் மட்டும் மாற்றலாமா, முழு சிலிண்டரையே மாற்றலாமா என்று கேட்டால், சிலிண்டரின் உள்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தடுக்கினால் கிட் போடுவது வீண் செலவு. மாஸ்டர், ஸ்லேவ் இரண்டும் ஒரே வயதுடையவை என்பதையும் மறக்க வேண்டாம். ஒன்றை மட்டும் புதிதாக்கினால், முழு அழுத்தம் திரும்ப வந்ததும் பழையது சில வாரத்தில் கசியத் தொடங்குவது அடிக்கடி நடக்கிறது. ஸ்லேவ் உள்ளே இருக்கும் வண்டியில், எந்தக் காரணத்துக்காகக் கியர்பாக்ஸை இறக்கினாலும் அதையும் மாற்றிவிடச் சொல்லுங்கள். பாகத்தின் விலையைவிட இரண்டாம் முறை இறக்கும் கூலி அதிகம். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதிரில் தாங்க ஒன்றும் இல்லாததால் பிஸ்டன் வெளியே பிதுங்கி, புதுப் பாகமே பாழாகும்.

வேலை முடிந்ததும் பெடலை இருபது முறை மிதித்துவிட்டு, ரிவர்ஸ் சோதனையை மீண்டும் செய்யுங்கள். டப்பாவில் மட்டம் நிற்கும் இடத்தைப் பென்சிலால் கோடிட்டு, அடியில் அட்டையை விரித்து, இரவு அப்படியே விடுங்கள். காலையில் கோடும் அட்டையும் மாறாமல் இருந்தால் வண்டியை எடுக்கலாம்.